ரோவா ஜேபெக்கா? முதலில் உங்கள் லப்டொப்பைக் காட்டுங்கள்

கமராவில் படத்தை ரோ (RAW) ஃபைலாக எடுப்பதா ஜேபெக் (JPEG) ஃபைலாக எடுப்பதா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் கமராவைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. "வீட்டில என்ன லப்டொப் இருக்கு?" என்றுதான் கேட்பேன். போன மாதம் இங்கே திருகோணமலையில் உப்புவெளிப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தான். செகண்ட் ஹாண்ட் கமரா ஒன்று வாங்கி, "ரோதான் புரொபெஷனல்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மச்சாளின் சாமத்திய வீட்டை முழுக்க ரோவில் எடுத்து, 900 படங்களோடு என் மேசைக்கு முன்னால் இருந்தான். அவனுடைய லப்டொப்பில் 4 ஜிபி ராம். ஃபோல்டரைத் திறந்தால் ஒரு முகமும் தெரியவில்லை, வரிசையாக வெள்ளைத் தாள் ஐகன்தான். "அண்ணா, எல்லாம் பழுதாப் போச்சுதோ?" என்றான். ஒன்றும் பழுதாகவில்லை, அவனுடைய பழைய விண்டோஸுக்கு அந்த ஃபைல் என்னவென்றே தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த 22 ஜிபியையும் ஜேபெக்காக மாற்றி முடிக்க இரண்டு இரவு போனது, அதுவும் என்னுடைய கணினியில்.

ரோ ஃபைல் என்பது உண்மையில் இன்னும் படமே இல்லை. சென்சரில் விழுந்த வெளிச்சத்தை 12 அல்லது 14 பிட்டில் அளந்து அப்படியே கொட்டி வைத்த கணக்கு அது. அதைப் படமாக்கும் வேலை கணினியில் இருக்கும் மென்பொருளுடையது. ஜேபெக்கில் அந்த வேலையைக் கமராவே செய்து முடித்து, 8 பிட்டாகச் சுருக்கி, தேவையில்லை என்று அது நினைத்ததை எறிந்துவிட்டுத் தருகிறது. 8 பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 14 பிட் என்றால் 16,384. இந்த வித்தியாசம் நல்ல வெயிலில் எடுத்த படத்தில் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் ஏமாற்றுகிற இடத்தில்தான் தெரியும்.

கூறைச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் வீடியோக்காரரின் லைட் மணவறைக்கு நேரே அடிக்கிறது, பொம்பிளை கடும் சிவப்புக் கூறையில் இருக்கிறா. கமராவின் ஸ்கிரீனில் பார்த்தால் முகம் சரியாக வந்திருக்கும், வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டுகிற ஹிஸ்டோகிராம் வரைபும் நடுவில் அழகாக இருக்கும். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் சேலையில் நெசவே இல்லை. மடிப்பும் இல்லை, சரிகைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் புட்டாவும் இல்லை, சிவப்புப் பெயின்டை ஊற்றிவிட்டதுபோல ஒரே தட்டை. நடந்தது என்னவென்றால், பச்சையும் நீலமும் கீழே கிடக்க, சிவப்பு மட்டும் உச்சப் படியான 255ஐத் தொட்டு முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. வெள்ளைக் கோடு ஒன்றை மட்டும் காட்டுகிற ஹிஸ்டோகிராமில் இது தெரியாது, மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டுகிறதைப் போட்டால்தான் தெரியும். ஜேபெக்கில் போனது போனதுதான். அதே ஷொட்டின் ரோவைத் திறந்து வெளிச்சத்தை ஒரு ஸ்டொப், அதாவது பாதியாக, இறக்கினால் புட்டா ஒவ்வொன்றாக எழும்பி வரும். ஒரு கலியாணத்தில் நான் ரோவும் ஜேபெக்கும் சேர்த்து எடுத்ததால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைத்தது. அன்றிலிருந்து மணவறையில் ரோ இல்லாமல் நான் எடுப்பதில்லை. (ஜேபெக்தான் எடுக்கப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் கமராவின் பிக்சர் ஸ்டைல் மெனுவில் நிறத்தை ஒரு படி குறைத்து, எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டொப் கீழே வைத்து எடுங்கள். பாதிக் காயத்தோடு தப்பலாம்.)

இப்போது மண்டபங்களில் ஊதாவும் நீலமுமாக எல்இடி போடுகிற பழக்கம் வேறு. மாப்பிள்ளையின் ஒரு கன்னம் மஞ்சள், மறுகன்னம் கத்தரிப்பூ. இதிலும் ரோதான் கொஞ்சமாவது கைகொடுக்கும், ஏனென்றால் வெள்ளைச் சமநிலை, அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்வது, என்பது ரோவில் இன்னும் முடிவாகாத விசயம், பிறகு ஆறுதலாக இருந்து மாற்றலாம். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும் இரவுகளில் எடுக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். சாமிக்கு மேலே கண்ணைப் பறிக்கிற லைட், நாலடி தள்ளி நிற்கிற சனத்துக்கு இருட்டு. ஜேபெக் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்றும்.

புறாத் தீவில் தண்ணீருக்குள் எடுக்கிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், ரோ. சில மீற்றர் இறங்கும்போதே தண்ணீர் சிவப்பு நிறத்தைக் குடிக்கத் தொடங்கிவிடும். முருகைக்கல்லும் மீனும் எல்லாம் பச்சை நீலமாக வரும், ஜேபெக்கில் அதைத் திருத்தப் போனால் படம் பொடிப்பொடியாக உடையும்.

ஆனால் திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் நேரெதிராகச் சொல்வேன், அதற்காகச் சில பேர் என்னோடு கோபமும் பட்டிருக்கிறார்கள். மார்ச்சிலிருந்து ஓகஸ்ட் வரை இங்கே கடல் அடங்கியிருக்கிற காலத்தில் படகில் போனால், நீலத் திமிங்கிலம் மூச்சு விட்டு, முதுகு காட்டி, முங்குவதற்கு முன் சிலவேளை வாலைத் தூக்கும். அந்த வால் மேலே நிற்பது சில வினாடிதான். என் பழைய கமரா ரோவில் ஆறேழு படம் தொடர்ந்து அடித்ததும் மூச்சுத் திணறி நிற்கும், கார்டில் எழுதுகிறேன் என்று காட்டுகிற சிவப்பு லைட் மினுங்கி முடிவதற்குள் வால் தண்ணீருக்குள் போய்விடும். ரோவும் ஜேபெக்கும் சேர்த்து வைத்தால் நிலைமை இன்னும் மோசம். ஜேபெக் மட்டும் வைத்தால் இருபதுக்கு மேல் ஓடும். காலை வெயில், ஒரே நீலக் கடல், கறுத்த முதுகு. இதில் ரோ காப்பாற்ற வேண்டியது பெரிதாக எதுவுமில்லை. புதுக் கமராவும் வேகமான கார்டும் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம்.

உங்களுக்கு எது சரிவரும் என்று இன்னும் குழப்பமாக இருந்தால், ஒரு பின்நேரம் பிரெட்ரிக் கோட்டைக்குள் போங்கள். மர நிழலில் பாதி, வெயிலில் பாதியாக ஒரு புள்ளிமான் எப்படியும் நிற்கும், மொடலாக நிற்கக் காசும் கேட்காது. இரண்டு விதத்திலும் எடுத்து வந்து, வெயில் பட்ட முதுகின் வெள்ளைப் புள்ளியையும் நிழலில் இருக்கிற கண்ணையும் ஒரே படத்தில் கொண்டுவர முடிகிறதா என்று உங்கள் கணினியில் பாருங்கள். உங்கள் கணினியில் என்பதுதான் முக்கியம். அந்த வேலைக்கு அது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மென்பொருள் விசயத்தில் ஒரு பொறி இருக்கிறது. ரோ என்று ஒரே ஃபோர்மட் கிடையாது. கெனனுக்குச் சிஆர்2, பிறகு சிஆர்3. நைக்கோனுக்கு என்இஎஃப், சொனிக்கு ஏஆர்டபிள்யூ, ஃபூஜிக்கு ஆர்ஏஎஃப். பெயர் ஒன்றாக இருந்தாலும் மொடலுக்கு மொடல் உள்ளே வேறு. அதனால் கமரா வெளிவந்த பிறகு வந்த மென்பொருளுக்குத்தான் அந்தக் கமராவின் ரோ புரியும். நம்மூரில் பலருடைய லப்டொப்பில் இன்னும் அடோபியின் படம் திருத்துகிற மென்பொருளான லைட்ரூம் 6 கிடக்கிறது. அதற்கு 2017ஓடு அப்டேட் நின்றுவிட்டது. 2018இல் கெனன் எம்50 கொண்டுவந்த சிஆர்3ஐ அது தொடவும் செய்யாது. இதற்காகப் புது லைட்ரூமுக்கு மாதாமாதம் டொலரில் கட்டத் தேவையில்லை. அடோபியே இலவசமாகத் தருகிற டிஎன்ஜி கன்வேர்ட்டரில் போட்டு எடுத்தால் பழைய லைட்ரூம் அதைத் திறக்கும். டிஎன்ஜி என்பது 2004இல் அடோபி வெளியிட்ட பொதுவான ரோ. அல்லது கமராக் கொம்பனிகளின் சொந்த மென்பொருளே இலவசம்தான்: கெனனுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல், நைக்கோனுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சொனிக்கு இமேஜிங் எட்ஜ். நிறம் கமராவின் ஜேபெக்கைப்போலவே வரும், வேகம் மட்டும் பொறுமையைச் சோதிக்கும். நான் பாவிப்பது டார்க்டேபிள். இலவசம், ஏறக்குறைய எல்லாக் கொம்பனி ரோவும் திறக்கும், ஆனால் பழக ஒரு மாதம் தலையிடி. படங்களைத் தேடி அடுக்கி வைக்க மட்டும் என்றால் டிஜிகாம் போதும், அதில் ரோவும் வீடியோவும் ஒரே இடத்தில் தெரியும்.

ரோவும் ஜேபெக்கும் சேர்த்து எடுப்பது நல்லதா? கலியாண வேலைக்குப் புதிதாக இறங்குகிறவர்களுக்கு நல்லதென்றே சொல்வேன், ஜேபெக்கை மட்டும் சின்ன அளவில் வைத்தால். கலியாணம் முடிந்த அன்றிரவே கனடாவிலிருந்து பெரியம்மா "படம் அனுப்பேல்லையோ" என்று கேட்கத் தொடங்கிவிடுவா. அந்தச் சின்ன ஜேபெக்கை அப்படியே அனுப்பிவிட்டு ரோவை ஆறுதலாகப் பார்க்கலாம். கணக்கு இதுதான்: 24 மெகாபிக்சல் கமராவில் ரோ ஒன்று ஏறக்குறைய 25 எம்பி (மெகாபைட்), பெரிய ஜேபெக் ஏழெட்டு எம்பி. 1,500 படம் அடிக்கிற கலியாணம் ரோவில் 37 ஜிபி வரும். 32 ஜிபி கார்ட் ஒன்றோடு போனால் ஆரத்திக்கு முன்னரே நின்றுவிடும்.

மற்றப் பட ஃபோர்மட்டுகள் சுருக்கமாக. டிஃப் நல்ல ஃபோர்மட்தான், ஆனால் 24 மெகாபிக்சல் படம் 16 பிட்டில் 144 எம்பி வரும். அல்பம் அடிக்கிற இடங்களில் பெரும்பாலும் அதைக் கேட்பதில்லை, நல்ல தரத்தில் ஜேபெக் போதும் என்பார்கள். அந்த ஜேபெக்கை எஸ்ஆர்ஜிபி என்ற நிற வகையில் கொடுங்கள். கமராவில் அடோபி ஆர்ஜிபி என்று போட்டுவிட்டு, அல்பத்தில் கூறை வெளிறிப் போய்விட்டது என்று லாப்காரரோடு சண்டைக்குப் போனவன் நான், பிழை என் மெனுவில் இருந்தது. பிஎன்ஜி லோகோவுக்கும் அழைப்பிதழுக்கும், ஃபோட்டோவுக்கு வீண் பாரம். வெப்பி இணையத்தளத்துக்கு, அல்பத்துக்கு அல்ல.

எச்இஐசி மட்டும் கொஞ்சம் பேச வேண்டும். 2017இல் ஐபோனில் வந்தது. ஜேபெக்கின் பாதி இடம்தான் பிடிக்கும், தரமும் நல்லது, ஃபோர்மட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் லண்டனிலிருந்து வந்த சித்தப்பா தன் ஐபோனில் எடுத்த நூறு படத்தை "அல்பத்தில சேர்த்து விடும்" என்று பென்டிரைவில் தருகிறபோது, கடைக் கணினி அதைத் திறக்க மாட்டேன் என்கிறது. பல கணினிகளில் விண்டோஸுக்குத் தனியாக ஒரு எக்ஸ்டென்ஷன் போட வேண்டும், லாப்பில் அதுவும் இருக்காது. ஐபோன் செட்டிங்ஸில் கமராவுக்குள் ஃபோர்மட்ஸ் என்ற இடத்தில் 'மோஸ்ட் கொம்பற்றிபிள்' என்பதைத் தெரிவு செய்தால் ஜேபெக்காக எடுக்கும். விசேசத்துக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சரி, வீடியோ. இங்கேதான் ஆட்கள் கூடுதலாகக் குழம்புகிறார்கள், ஏனென்றால் எம்பி4, எம்ஓவி என்பதெல்லாம் பார்சல் சுற்றுகிற தாள் மட்டுமே. சோற்றுப் பார்சலை வெளியிலிருந்து பார்த்து உள்ளே மீனா மரக்கறியா என்று சொல்ல முடியாததுபோல, எம்பி4 என்ற பெயரை வைத்து அது உங்கள் டிவியில் ஓடுமா என்று சொல்ல முடியாது. உள்ளே படத்தைச் சுருக்கியிருக்கிற முறை (கோடெக்) எச்.264ஆ எச்.265ஆ, சத்தம் ஏஏசியா பிசிஎம்மா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வீஎல்சியில் திறந்து கோடெக் இன்ஃபர்மேஷன் என்பதை அழுத்தினால் எல்லாம் தெரியும். சில பழைய டிஎஸ்எல்ஆர்கள் எம்ஓவிக்குள் பிசிஎம் சத்தம் வைக்கும். அதை நேரே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் "படம் ஓடுது, சத்தம் இல்ல" என்று வாடிக்கையாளர் கோல் எடுப்பார். படத்தைத் தொடாமல் சத்தத்தை மட்டும் ஏஏசியாக மாற்றி எம்பி4இல் சுற்றித் தந்தால் போதும், எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் சில நிமிட வேலை. முழுவதையும் திரும்ப ரெண்டர் பண்ணி ஒரு இரவைத் தொலைக்காதீர்கள்.

எச்.264 2003இல் வந்தது, எச்.265 2013இல். பின்னையது ஏறக்குறைய அதே தரத்தைப் பாதி இடத்தில் தரும், ஆனால் அதை விரித்துக் காட்டக் கணினி கடுமையாக உழைக்க வேண்டும். உங்கள் லப்டொப்பில் அதற்கென்று ஹார்ட்வெயார் இல்லாவிட்டால் எடிட்டிங் டைம்லைனில் பிளே அழுத்திவிட்டுத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வரலாம். அப்படிப்பட்ட பழைய லப்டொப் என்றால் எச்.264இலேயே எடுங்கள், கார்ட் கொஞ்சம் கூடுதலாக நிறையட்டும். கமரா மெனுவில் ஐபிபி, ஓல்-ஐ என்று இரண்டு காட்டினால், ஐபிபி என்பது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறினதை மட்டும் எழுதி வைப்பது, ஓல்-ஐ என்பது ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக எழுதுவது. பழைய கணினியில் வெட்டி ஒட்ட ஓல்-ஐ இலகு, ஃபைல்தான் பல மடங்கு வீங்கும்.

4கேயில் எடுப்பதா என்ற கேள்விக்கும் அதே பதில்தான். 100 எம்பிபிஎஸ்ஸில் (வினாடிக்கு 100 மெகாபிட், எட்டு பிட் ஒரு பைட்) ஓடுகிற 4கே ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. ஐந்து மணித்தியாலக் கலியாணத்தைப் பெருக்கிப் பாருங்கள். தாலி கட்டுக்கும் பொம்பிளையை ஒருமுறை கிட்டப் போட்டுக் காட்டுகிற இடங்களுக்கும் 4கே எடுங்கள், சாப்பாட்டுப் பந்திக்கு 1080 போதும்.

ஃபிரேம் ரேட்டை, அதாவது வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை, 25 வையுங்கள், 30 வேண்டாம். இது ரசனை விசயமில்லை. நம் மின்சாரம் 50 ஹேட்ஸ், அதனால் டியூப் லைட்டும் மலிவு எல்இடியும் வினாடிக்கு 100 முறை மினுங்கும். 25 ஃபிரேமில் ஷட்டர் 1/50 வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே அளவு வெளிச்சம் விழும். 30இல் 1/60 வைத்தால் மணவறைக்குப் பின்னால் கறுப்புப் பட்டி ஒன்று மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். பின்னால் எந்த மென்பொருளாலும் அதை முழுதாக எடுக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செகண்ட் ஹாண்ட் கமராக்கள் பல என்டிஎஸ்சி என்ற வீடியோ முறையில் இருக்கும், மெனுவில் பால் (PAL) என்ற முறைக்கு மாற்றினால்தான் 25உம் 50உம் தெரியும். ஃபோனில் எடுத்த கிளிப்பைச் சேர்க்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஃபோன் ஒரே சீரான ஃபிரேம் ரேட்டில் எடுக்காது, சில எடிட்டர்களில் பத்து நிமிடம் போனதும் ஐயரின் வாய் ஒரு பக்கம், மந்திரம் ஒரு பக்கம் போகும். ஹேன்ட்பிரேக் என்ற மென்பொருளில் கொன்ஸ்டன்ட் 25 என்று மாற்றிவிட்டுப் பாவியுங்கள்.

பழைய ஹான்டிகாம் வைத்திருக்கிறவர்களின் எம்டிஎஸ் ஃபைலை இப்போது எல்லோரும் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் இன்னும் மதிப்பு உண்டு. எம்பி4 தன் பொருளடக்கத்தை ரெக்கோர்டிங் முடிகிறபோதுதான் எழுதும். நடுவில் பற்றரி கழன்றாலோ யாராவது கார்டை இழுத்தாலோ மொத்த ஃபைலும் திறக்காது. எம்டிஎஸ் ஒலிபரப்புக்கென்று வந்த வகையில் சேர்ந்தது, அறுந்த இடம் வரைக்கும் ஓடும். எம்பி4 அப்படி உடைந்தால் அழிக்காதீர்கள், அதே கமராவில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்து அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருளால் பல நேரம் மீட்கலாம். எம்டிஎஸ்ஸைக் கொப்பி பண்ணும்போது மட்டும் ஃபோல்டரை முழுதாக எடுங்கள். நீண்ட கிளிப்பைக் கமரா துண்டு துண்டாகத்தான் எழுதியிருக்கும், எந்தத் துண்டுக்குப் பின் எது என்ற தகவல் பக்கத்து ஃபோல்டரில் இருக்கிறது.

துண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. பல பழைய கமராக்கள் 29 நிமிடம் 59 வினாடியோடு தாமாக நின்றுவிடும். அரை மணித்தியாலத்துக்கு மேல் பதிந்தால் வீடியோ கமரா என்று கணக்கெடுத்து ஐரோப்பாவில் கூடுதல் சுங்கவரி போட்டார்கள், அந்த வரிக்குப் பயந்து வந்த எல்லை அது. முகூர்த்தம் நெருங்குகிறது என்று முன்னாடியே ரெக்கோர்டிங்கை அழுத்தி டிரைபொட்டில் விட்டுவிட்டு நான் முன்பக்கம் படம் எடுக்கப் போனேன். ஐயர் நிதானமான ஐயர். கெட்டி மேளம் அடிக்கிற நேரம் டிரைபொட்டில் இருந்த கமரா அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. தாலி கட்டு பொம்பிளையின் தம்பியின் ஃபோனிலிருந்துதான் கிடைத்தது, அதுவும் ஃபோனை நிமிர்த்திப் பிடித்து நெட்டாக எடுத்த வீடியோ. இப்போதெல்லாம் கூறை கொடுத்து அனுப்பியதும் ஒருமுறை நிறுத்தி மறுபடி தொடங்குகிறேன்.

கடைசியாகக் கொடுக்கிற ஃபைல். பல பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற ஃபைல் அமைப்பில் இருக்கும், 4 ஜிபிக்கு மேற்பட்ட தனி ஃபைலை அது ஏற்காது. எக்ஸ்ஃபாட் என்று மாற்றினால் ஏற்கும், ஆனால் அம்மம்மா வீட்டுப் பழைய டிவிக்கு எக்ஸ்ஃபாட் தெரியாது. அதனால் நான் 1080, எச்.264, ஏஏசி சத்தம், 8 எம்பிபிஎஸ் என்று எம்பி4 செய்கிறேன். நிமிடத்துக்கு 60 எம்பி, ஒரு மணித்தியாலம் 3.6 ஜிபி, சரியாக எல்லைக்குள் நிற்கும். கலியாணம் நீளம் என்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் போட்டுப் பிரித்துவிடுவேன். ஃபோட்டோவை வட்ஸ்அப்பில் அனுப்பினால் டொக்கியுமென்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் அது நசுக்கிவிடும்.

ரோக்களை வைத்திருப்பதா அழிப்பதா என்று அந்த உப்புவெளித் தம்பியும் கேட்டான். அல்பம் கொடுத்து ஒரு வருடம் வரை எல்லா ரோவையும் வைத்திருப்பேன், பிறகு அல்பத்தில் வந்தவற்றின் ரோவை மட்டும் டிஎன்ஜியாக மாற்றி இரண்டு ஹாட் டிஸ்க்கில் போடுவேன். அதில் ஒன்று வீட்டில், மற்றது அக்கா வீட்டில், கடற்கரையிலிருந்து தள்ளி. என் வீட்டு டிஸ்க்கின் யூஎஸ்பி வாயில் உப்புக் காற்றில் பச்சை பூத்திருப்பதை நேற்றுத்தான் கண்டேன். இந்தக் கிழமை புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.